குடை போன வழி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சியில் உள்ள, புத்தரின் நினைவாக எழுந்த அரைவட்ட மேடான தூபியையும் ஜப்பானின் அடுக்குக் கூரை மரக்கோபுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே குடும்பம் என்று நம்புவது கஷ்டம். உச்சியைப் பார்த்தால்தான் உறவு தெரியும்.

சாஞ்சிப் பெருந்தூபியின் உள்ளே இருப்பது அசோகர் காலத்துச் செங்கல் கட்டுமானம். பிற்பாடு கல் போர்த்திப் பெரிதாக்கினார்கள். சுற்றியுள்ள கல்வேலியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கம்பத்தில் துளையிட்டுக் குறுக்குச் சட்டங்களைச் செருகியிருப்பார்கள். அது தச்சர்களின் வேலை. மரத்தில் பழகிய முறையை அப்படியே கல்லுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தெற்குத் தோரண வாயிலில் விதிசா நகரத்துத் தந்தச் சிற்பிகள் செதுக்கிய வேலை இது என்று கல்வெட்டே இருக்கிறது. மேலே ஒரு சதுர வேலி, நடுவில் ஒரு கம்பம், அதில் மூன்று கல்குடைகள். அரசருக்கு வெண்கொற்றக்குடை எப்படியோ, புத்தருக்கு இவை அப்படி.

இந்தக் குடைதான் ஊர் ஊராகப் போனது. இலங்கையில் தூபி மலைபோல வளர்ந்தது. அனுராதபுரத்து ஜேதவனராமயம் கட்டியபோது சுமார் 120 மீட்டர், அத்தனையும் செங்கல். அங்கே குடைகள் ஒன்றோடொன்று நெருங்கி, வளையம் வளையமான கூம்பாகிவிட்டன. பெஷாவரில் குஷாண அரசர் கனிஷ்கர் எழுப்பிய தூபியின் உச்சியில் செப்பு வட்டுகள் அடுக்கியிருந்ததை சீனப் பயணி யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார்.

சீனாவில் ஹான் அரச மரபின் காலத்திலேயே மாடி மாடியாகக் காவல் கோபுரம் கட்டுவார்கள். கல்லறைகளில் கிடைத்த சுடுமண் மாதிரிகள் அதற்குச் சாட்சி. குடைகள்தான் பெரிதாகிக் கூரைகள் ஆயின என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. சீனர்கள் தங்கள் கோபுரத்தையே கட்டி, அதன் தலையில் இந்தியத் தூபியைச் சிறிதாக்கி வைத்தார்கள் என்றே நினைக்கிறேன்.

இதற்கு நல்ல ஆதாரம் ஜப்பானின் நாரா பகுதியிலுள்ள ஹோர்யூஜி கோயில். அதன் ஐந்தடுக்குக் கோபுரம் 32 மீட்டருக்குச் சற்று அதிகம். உலகில் இன்று நிற்கும் மிகப் பழைய மரக்கட்டடங்களில் ஒன்று. உச்சியில் உலோகத்தாலான ஒன்பது வளையங்கள்; அவைதான் நம் குடைகள். அவற்றுக்குக் கீழே கவிழ்த்த கிண்ணம் போல ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. சாஞ்சியின் அரைவட்டம் முழுவதும் அதற்குள் சுருங்கிவிட்டது!

அப்புறம், அந்த நடுக்கம்பம். சாஞ்சியில் குடையைத் தாங்கியது இங்கே அடியிலிருந்து உச்சிவரை ஓடும் சைப்ரஸ் மரத் தூணாகிவிட்டது. மரத்தின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து, அது 594-ல் வெட்டிய மரம் என்று கணித்திருக்கிறார்கள். புனிதத் தாது, அதாவது புத்தரின் உடல் எச்சம் என்று போற்றப்படுவது, அதன் அடிக்கல்லில் இருக்கிறது. தரைத்தளத்தில் தூணைச் சுற்றி, நான்கு திசைகளிலும் 711-ஆம் ஆண்டின் களிமண் சிற்பங்கள். வடக்கே புத்தரின் மறைவு, வாய்விட்டு அழும் சீடர்கள். மேற்கே, புத்தரின் தாதுக்களைப் பலருக்கும் பங்கிட்ட காட்சி; தூபிகள் எழக் காரணமே அந்தப் பங்கீடுதான்.