ஐந்தடிப் பள்ளம்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கா போய்வந்தேன் என்றதும் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டது, "நயாகரா பார்த்தீர்களா?" என்றுதான். பார்க்கவில்லை. நான் பார்த்து வந்தது ஒரு பள்ளம். சிரிக்காதீர்கள், அந்தப் பள்ளத்தைப் பற்றிப் பேசத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

வயோமிங் மாநிலத்தில் நார்த் பிளாட் ஆற்றங்கரையில் கெர்ன்சி என்று ஒரு சின்ன ஊர். அதன் பக்கத்தில் ஒரு மணற்பாறை மேடு. 1840களிலிருந்து மேற்கே குடியேறப் போனவர்களின் மாட்டு வண்டிகள் ஏறி ஏறி அந்தப் பாறையையே அறுத்திருக்கின்றன. சில இடங்களில் ஐந்தடி ஆழம். உள்ளே இறங்கி நின்றால் என் நெஞ்சு வரை பாறை. மேலே நின்ற என் மனைவி, "இந்தப் பள்ளத்துக்கா ரெண்டு நாள் கார் ஓட்டினீங்க?" என்றாள்.

நாங்கள் புறப்பட்ட இடமும் அந்த வண்டிகள் புறப்பட்ட இடம்தான், மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ். அங்கிருந்து, அவர்கள் போய்ச் சேர வேண்டிய மேற்குக் கடலோர ஆரிகன் சுமார் 2,000 மைல். இந்தப் பள்ளம் வரை எங்களுக்கு இரண்டு நாள் ஆன தூரத்துக்கு அவர்களுக்கு ஆறேழு வாரம் ஆனது. 1843இல் ஏறக்குறைய 1,000 பேர் கிளம்பினார்கள். 1869இல் கிழக்கையும் மேற்கையும் ரயில் இணைக்கும் வரை, ஆரிகன், கலிபோர்னியா, யூட்டா என்று போனவர்கள் 3 லட்சத்துக்கும் மேல்.

சரி, இத்தனை பேர் போன பாதையில் இங்கே மட்டும் ஏன் இவ்வளவு ஆழம்? புல்வெளியில் இடம் தாராளம். முன்வண்டியின் புழுதியைத் தின்ன வேண்டாம் என்று பக்கவாட்டில் பரவிப் போய்விடலாம். அங்கே பதிந்த தடத்தைப் பல இடங்களில் பிற்பாடு ஏர் அழித்துவிட்டது. கெர்ன்சியில் அந்த மேட்டை விட்டால் வசதியான வழி இல்லை. பாறையும் மிருது.

சினிமாவில் குதிரைகள் பறக்கும், குடும்பம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும். உண்மையில் இழுத்தவை பெரும்பாலும் எருதுகள். விலை குறைவு, வழிப்புல்லைத் தின்றே பாரம் இழுக்கும். மூக்கணாங்கயிறு கிடையாது. வண்டிக்காரர் இடப்பக்கம் கூடவே நடந்து குரலாலும் சாட்டையாலும் ஓட்டுவார். வண்டிக்குள் மாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, தட்டுமுட்டுச் சாமான். அதனால் மனிதர்களும் நடைதான். நாளைக்கு 15 மைல் போனால் நல்ல நாள். வறண்ட காற்றில் சக்கர மரம் சுருங்கி இரும்புப் பட்டை கழன்றுகொள்ளும். ராத்திரி சக்கரத்தைக் கழற்றி ஆற்றில் ஊறப் போடுவார்கள். மரமே இல்லாத சமவெளியில் அடுப்பெரிக்கக் காட்டெருமைச் சாணம். நம் வறட்டிதான், என்ன, தட்டாத வறட்டி. வண்டிக்கு அடியில் தாரும் கொழுப்பும் கலந்த வண்டி மை ஒரு வாளியில் தொங்கும்.

அந்த மையால்தான் சிலர் பாறைகளில் தங்கள் பெயரை எழுதினார்கள். கெர்ன்சிக்கும் மேற்கே இண்டிபெண்டன்ஸ் பாறை என்று ஒரு பெரிய கருங்கல் குன்று. ஜூலை 4ஆம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர்ந்தால் பனிக்கு முன் மலை தாண்டிவிடலாம் என்று ஒரு கணக்கு. மையால் எழுதிய பெயர்கள் பெரும்பாலும் போய்விட்டன, செதுக்கியவை இருக்கின்றன. சுற்றுலாக்காரர்கள் அதற்குத்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். எனக்கென்னவோ பெயர்ப் பாறையைவிடப் பள்ளம்தான் பெரிதாகத் தெரிந்தது. பெயர் எழுத உயிரோடு வந்து சேர வேண்டும். பலரைக் காலரா வழியிலேயே கொண்டுபோனது. ஓநாய் தோண்டிவிடும் என்று பயந்து, பாதையிலேயே புதைத்து மேலே வண்டிகளை ஓட்டிவிடுவதும் உண்டு. அவர்களுக்கு நடுகல் ஏது?

அந்த மண் லகோட்டா, ஷையென், அரப்பஹோ என்ற பூர்வகுடி மக்களுடையது. வண்டி மாடுகள் புல்லைத் தின்று தீர்த்தன, காட்டெருமைகள் ஒதுங்கிப் போயின. 1851இல், கெர்ன்சிக்குக் கொஞ்சம் கிழக்கே இருக்கும் லாரமி கோட்டையின் பெயரில் அமெரிக்க அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் 50 ஆண்டுகளுக்கு அரசு அவர்களுக்குத் தருவதாகப் பேச்சு. செனட் அதைப் 10 ஆண்டாகக் குறைத்தது! கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பீரங்கி முன்னால் படம் எடுத்த கையோடு இதையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் எஸ்ரா மீக்கர் என்று ஒருவர். 1852இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இந்த வழியே மேற்கே போனவர். 1906இல், 75 வயதில், தடம் மறைந்துகொண்டே வருகிறதே என்று மறுபடி எருது பூட்டிக் கிழக்கு நோக்கிக் கிளம்பினார். ஊர் ஊராக நின்று அடையாளக் கல் நடச் சொன்னார். வாஷிங்டன் வரை போய் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டையும் பார்த்தார். 1924இல், 93 வயதில், இந்தப் பாதைக்கு மேலேயே விமானத்தில் பறந்தார்.

போக நினைப்பவர்கள் 26ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் போதும். கோட்டையும் பள்ளமும் அந்த வழியில்தான். சாரைப் பாம்பு இல்லை, விஷப்பாம்பு உண்டு, கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம், நயாகராவைத் தவிர.