30,000 மடங்கு பெருக்கும் டிரான்சிஸ்டர்: அதன் டேட்டாஷீட்டை எப்படிப் படிப்பது?

காட்சி: கடலூர், தேவனாம்பட்டினம். ஒரு வீட்டு மொட்டை மாடியில் கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி. அதன் அடியில் சிறிய பிளாஸ்டிக் பெட்டி.

வணக்கம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்த மாடியில், தொட்டி நிரம்பியதும் ஒலிக்கும் எச்சரிக்கை மணி ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்காகச் செய்து மாட்டியிருந்தேன். மார்கழி பிறந்ததும் ஒருநாள் விடியற்காலையில் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, தொட்டி காலியாத்தான் கெடக்குது, மணி மட்டும் விடாம அடிக்குது" என்றார். வெயில் ஏறியதும் மணி தானாகவே ஓய்ந்தது. மறுநாள் விடியலில் மீண்டும் ஒலித்தது. தண்ணீர் கம்பிகளைத் தொட்டதும் வரும் சிறு மின்னோட்டத்தைப் பெருக்கி மணியை ஒலிக்கச் செய்யும் டிரான்சிஸ்டர் பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது தன் டேட்டாஷீட்டில், அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில், எழுதியுள்ளபடியே வேலை செய்துகொண்டிருந்தது. அந்தத் தாளை நான்தான் சரியாகப் படித்திருக்கவில்லை.

காட்சி: உள்ளங்கையில் பிசி517. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே.

இது பிசி517 என்னும் என்-பி-என் வகை டிரான்சிஸ்டர். தட்டையான முகத்தை நம் பக்கம் திருப்பிப் பிடித்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். பள்ளிப் பாடநூல் இவற்றையே ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான் என்று அழைக்கிறது. மூன்று கால்கள்தான் வெளியே தெரிகின்றன என்றாலும் உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரிலிருந்து வரும் மின்னோட்டம் அப்படியே இரண்டாவதன் பேஸுக்குள் நுழைகிறது. ஒவ்வொன்றும் 200 மடங்கு பெருக்கினால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 40,000 மடங்கு பெருக்கும். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய சிட்னி டார்லிங்டன் 1953ஆம் ஆண்டில் கண்ட இணைப்பு இது. அதனால் இதற்கு டார்லிங்டன் இணை என்று பெயர்.

டேட்டாஷீட்டில் எல்லோரும் முதலில் தேடுவது எச்-எஃப்-இ என்னும் பெருக்க எண்; பேஸில் நுழையும் மின்னோட்டத்தைப் போல் எத்தனை மடங்கு கலெக்டரில் பாயும் என்பதை அது சொல்கிறது. பிசி517க்கு அது 30,000. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதையும் படிக்க வேண்டும்: கலெக்டர் மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர், கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே 2 வோல்ட். அந்த நிலையில் அளந்தால் 30,000க்குக் குறையாது என்பதே அதன் பொருள். எவ்வளவு கூடும் என்பதற்கு அங்கே மேல்வரம்பு தரப்படவில்லை. நாம் அன்றாடம் பயன்படுத்தும் பிசி547இன் சி பிரிவுக்கு 420 முதல் 800 வரை என்று இரு கரையும் கட்டியிருக்கிறார்கள். இதற்குக் கீழ்க்கரை மட்டும்தான். போதாததற்கு, வெப்பம் ஏறினால் பெருக்கமும் ஏறும். ஆகவே இந்த எண்ணைத் துல்லியமான அளவாக எடுத்துக்கொண்டு ஒரு சுற்றை வடிவமைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தயாரிப்பாளர்களும் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். செறிவு நிலை, அதாவது டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறந்த நிலை, மின்னழுத்தத்துக்கான வரியைப் பாருங்கள்: கலெக்டரில் 100 மில்லி ஆம்பியர், பேஸில் 0.1 மில்லி ஆம்பியர், அப்போது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே அதிகபட்சம் 1 வோல்ட். 100ஐ 0.1ஆல் வகுத்தால் 1,000 வருகிறது. சுவிட்சாகப் பயன்படுத்தும்போது 30,000இல் முப்பதில் ஒரு பங்கை மட்டுமே அவர்கள் நம்புகிறார்கள்.

அந்த 1 வோல்ட்டுக்கும் காரணம் உண்டு. தனி டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறந்தால் 0.1 அல்லது 0.2 வோல்ட் வரை இறங்கிவிடும். டார்லிங்டன் இணையில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் பேஸுக்கு வேண்டிய 0.7 வோல்ட்டை முதல் டிரான்சிஸ்டர் அதே கலெக்டர் முனையிலிருந்துதான் எடுத்துத் தர வேண்டும் என்பதால், அந்த முனை 0.7க்குக் கீழே போகவே முடியாது. பேஸ் பக்கமும் இரண்டு டிரான்சிஸ்டர்களின் பேஸ்–எமிட்டர் சந்திகள் வரிசையாக இருப்பதால், திறப்பதற்கு ஏறத்தாழ 1.2 வோல்ட் வேண்டும். இந்த 1.2 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள். பெரியவரின் மணிக்கு இதுதான் மருந்தாகப் போகிறது.

அடுத்து, உச்ச வரம்புகள். கலெக்டர்–எமிட்டர் மின்னழுத்தம் 30 வோல்ட். மின்னோட்ட வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், கையில் இருப்பது யாருடைய தயாரிப்போ அவர்களுடைய தாளையே பார்க்க வேண்டும். இவை தாண்டக் கூடாத எல்லைகளே ஒழிய, இயக்க வேண்டிய அளவுகள் அல்ல. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடவும் முடியாது, ஏனெனில் இடையில் திறன் வரம்பு நிற்கிறது. 25 டிகிரி செல்சியஸில் அது 625 மில்லி வாட். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 5 மில்லி வாட் கழிக்க வேண்டும். 150 டிகிரியில் ஒன்றுமே மிஞ்சாது.

கத்திரி வெயிலில் மொட்டை மாடிப் பெட்டிக்குள் 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரிக்கு 150 மில்லி வாட் கழிந்து 475 தான் மிச்சம். இந்த நிலையில் டிரான்சிஸ்டர் பாதி திறந்து, 6 வோல்ட்டைத் தாங்கியபடி 100 மில்லி ஆம்பியரைக் கடத்தினால் 600 மில்லி வாட் ஆகிறது. மின்னழுத்தமும் மின்னோட்டமும் வரம்புக்குள் இருந்தாலும் டிரான்சிஸ்டர் வெந்துவிடும்.

காட்சி: திறந்த பெட்டி. உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் போர்டு. சோல்டர் புள்ளிகளுக்கு நடுவே வெண்மையான மெல்லிய படலம்.

இனி மணிக்கு வருவோம். இந்த வெண்படலம் கடற்காற்று கொண்டுவந்த உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும். மார்கழிப் பனியில் நனைந்ததும், போர்டில் 9 வோல்ட் வரும் செம்புத் தடத்துக்கும் பேஸ் தடத்துக்கும் இடையே ஒரு கசிவுப் பாதையாகிவிடும். அதன் மின்தடை 10 மெகா ஓம் என்று கொண்டால், 9இல் 1.2 போக மீதமுள்ள 7.8 வோல்ட் அதன் வழியே 0.78 மைக்ரோ ஆம்பியரைச் செலுத்தும். சாதாரண மல்டிமீட்டரில் எளிதில் பிடிபடாத அளவு அது. ஆனால் அதை 30,000 ஆல் பெருக்கினால் 23 மில்லி ஆம்பியர்; பஸ்ஸர் வீறிட்டு ஒலிக்க அது தாராளம். வெயில் ஏறிப் பனி உலர்ந்ததும் பாதை அறுந்துபோகும், மணியும் ஓயும்.

காட்சி: பேஸ் காலுக்கும் எமிட்டர் காலுக்கும் இடையே ஒரு ரெசிஸ்டரைச் சோல்டர் செய்யும் கை.

பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தேன். இப்போது அதே கசிவு வந்தால், 9 வோல்ட்டைக் கசிவுப் பாதையின் 10 பங்கும் இந்த ரெசிஸ்டரின் 1 பங்கும் பிரித்துக்கொள்ளும், பேஸில் 0.82 வோல்ட்தான் நிற்கும். திறப்பதற்கு 1.2 வேண்டுமே! தொட்டித் தண்ணீர் கம்பிகளைத் தொடும்போது வரும் மின்னோட்டமோ பன்மடங்கு பெரியது, அதிலிருந்து 1.2 மைக்ரோ ஆம்பியரை இந்த ரெசிஸ்டர் எடுத்துக்கொள்வதால் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷை நனைத்துப் போர்டைத் துடைத்து, நன்றாக உலர்த்தி, இரு பக்கமும் வார்னிஷ் பூசினேன். பேஸ் காலுக்கு அருகில் 9 வோல்ட் தடம் ஓடாதபடி அடுத்த போர்டை மாற்றி வரைந்திருக்கிறேன். இரண்டு தடங்களுக்கும் நடுவில் எமிட்டர் தடம் போகிறது. இனி உப்பு வழியே கசிவது பேஸை எட்டுவதற்கு முன் அந்தத் தடத்தில் இறங்கிவிடும்.