பேராமையின் கீரைப்பாத்தி

நேயர்களுக்கு வணக்கம்.

நம் மீனவர்கள் பேராமை என்று சொல்லும் ஆமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். புத்தகங்களில் பச்சை ஆமை என்று போட்டிருக்கும். ஓடு பெரும்பாலும் பழுப்பாகத்தான் இருக்கும். பச்சையாக இருப்பது உள்ளே இருக்கிற கொழுப்பு. அதை எப்படிப் பார்த்துப் பெயர் வைத்தார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

குஞ்சாக நடுக்கடலில் திரியும்போது ஜெல்லிமீன், குட்டி இறால் என்று கிடைத்ததைத் தின்னும். சில வருடம் கழித்துக் கரையோரம் வந்துவிட்டால் பெரும்பாலும் சைவம். பாக் நீரிணைப் பக்கம் கடல் தாழை என்பார்களே, அந்தக் கடற்புல்தான் முக்கியச் சாப்பாடு. அது பாசி இல்லை. வேரும் இலையும் பூவும் உள்ள செடி.

இந்த ஆமை மேய்வதைப் பார்க்க வேண்டும். கீழ்த்தாடை விளிம்பு கருக்கரிவாள் மாதிரி பல்பல்லாக இருக்கும். நுனியைக் கொறிக்காமல், தலையைத் தாழ்த்தி அடியை ஒட்டிக் கடிக்கும். மேல்பாதி துண்டாகி மிதந்து போகும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஊதாரித்தனம் என்று தோன்றும். ஆனால் சில நாளில் அதே இடத்துக்கு வரும். அதற்குள் இளந்தளிர் விட்டிருக்கும். முற்றிய இலையைவிட அதில் நார் குறைவு, புரதம் அதிகம். நறுக்க நறுக்கத் துளிர்க்கும் கீரைப்பாத்திதான்.

சரி, ஒரே பாத்திக்கு ஆட்கள் கூடிப்போனால்? லட்சத்தீவில் அகத்தி என்று ஒரு தீவு. கீரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பவளத்திட்டுக்கு உட்பட்ட அதன் ஆழமில்லாத கடலில், இருபது வருடத்துக்கு முன்பு பேராமைகள் கூட்டம் கூட்டமாக மேய்ந்தன. 1970களிலிருந்து சட்டப் பாதுகாப்பு இருந்தது. ஆமையைத் தின்னும் புலிச்சுறா குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். புல்லுக்குத் தளிர்விட அவகாசமே கிடைக்கவில்லை.

மீன் குறைகிறது, வலை கிழிகிறது என்று அங்குள்ள மீனவர்கள் ஆமையைக் குறை சொன்னார்கள். ஆமை தின்பது புல்லைத்தானே, மீனையா என்று வெளியூர்க்காரர் சிரிக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் ஆய்வாளர்கள் கடலுக்குள் இறங்கி எண்ணிப் பார்த்தார்கள். புல் மொட்டையான இடத்தில் மீன் குறைவாகத்தான் இருந்தது. ஒளிய மறைவு இல்லாத இடத்தில் மீன்குஞ்சு எப்படித் தங்கும்?

அகத்தியில் புல் தீர்ந்ததும் ஆமைகள் கட்மத் போன்ற மற்றத் தீவுகளுக்கு நகர்ந்தன. கொஞ்ச வருடத்தில் அங்கேயும் புல்வெளி மணல்வெளியாகிவிட்டது.