உடலுக்குள் வைத்த கருவிக்கு உரிமையாளர் யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘மனித உடலோடு இணையும் அறிவுக் கருவிகள் மனிதனுக்குத் தருவது ஆற்றலா, அடிமைத்தனமா?’ என்பது இன்றைய தலைப்பு. அடிமைத்தனமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், காது கேளாத குழந்தைக்கு உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்தியதும் அது தாயின் குரல் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதை விவரித்தார். அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றுக்கொண்டவர்கள் மூளையில் சில்லு (சிப்) வைப்பதை மட்டும் ஏன் எதிர்க்கிறீர்கள் என்றும் அவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

மூக்குக் கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் அது என்னுடையது. அதைச் செய்த நிறுவனம் நாளைக்கே இழுத்து மூடப்பட்டாலும் என் கண்ணுக்கு எழுத்து மங்காது. நேற்று இரவு நான் எதைப் படித்தேன் என்று அது யாரிடமும் போய்ச் சொல்லாது. உடலுக்குள் வைக்கும் இன்றைய கருவிகளைப் பற்றி இந்த இரண்டு வாக்கியங்களையும் எதிரணியினரால் சொல்ல முடியுமா?

விழித்திரை பழுதாகிப் பார்வையிழந்தவர்களுக்காக அமெரிக்காவின் ‘செகண்ட் சைட்’ நிறுவனம் ‘ஆர்கஸ் 2’ என்ற கருவியைச் செய்தது. 2013-இல் அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. கறுப்புக் கண்ணாடியில் ஒரு சிறு கேமரா, உடையில் மாட்டிக்கொள்ள ஒரு பெட்டி, விழித்திரையின் மேல் 60 மின்முனைகள். கேமரா பார்ப்பதைப் பெட்டி மின்குறிப்புகளாக்கி உள்ளே அனுப்பும். அணிந்தவருக்குத் தெரிவது இருட்டில் சில வெளிச்சப் பொட்டுகள்தான். வாசற்கால் எங்கே இருக்கிறது, எதிரே ஆள் நிற்கிறாரா என்று ஊகிக்கலாம். ஆண்டுக்கணக்கில் இருளிலேயே இருந்தவருக்கு அது எவ்வளவு பெரிது! உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டவர்கள் பொருத்திக்கொண்டார்கள்.

அவர்களுள் ஒரு பெண் நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில், நெரிசல் நேரத்தில், ரயில் மாறிக்கொண்டிருந்தார். கருவியிலிருந்து மூன்று முறை ‘பீப்’ என்று சத்தம். அவ்வளவுதான், வெளிச்சம் போய்விட்டது, திரும்ப வரவில்லை. நிறுவனம் நன்றாக நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இந்தக் கதி. பிறகு 2019-இல் நிறுவனம் இந்தக் கருவியைக் கைவிட்டது. 2020-இல் ஊழியர்களில் பெரும்பாலோரை வேலையிலிருந்து நீக்கியது. கண்ணுக்குள் கருவி அப்படியே இருக்கிறது; அதைப் பழுதுபார்க்க ஆளில்லை, உதிரிபாகம் இல்லை. கருவி பொருத்திய ஒருவருக்கு எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தது. கண்ணுக்குள் இதை வைத்துக்கொண்டு எடுக்கலாமா என்று நிறுவனத்திடம் கேட்க முயன்றால், பதில் சொல்ல ஆளில்லை. சொந்த உடலிலேயே வாடகைக்குக் குடியிருக்கும் நிலை இது. வீட்டுக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார், சாவியையும் எடுத்துக்கொண்டு.

ஒரு நிறுவனம் நொடித்துப்போனதற்கு அறிவியல் என்ன செய்யும் என்று எதிரணியினர் கேட்கலாம். அறிவியலை நான் குறை சொல்லவே இல்லை. கருவி வேலை செய்தது. வேலை செய்த கருவியையே பறிகொடுத்தவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதைவிட என்னை உலுக்கியது. கடும் வலிப்பு நோயாளிகள் 15 பேரின் மூளைமேல் ‘நியூரோவிஸ்டா’ என்ற நிறுவனம் மின்முனைகளைப் பொருத்திச் சோதனை நடத்தியது. மூளை அலைகளைக் கணினி படித்து, வலிப்பு வரப்போகிறதா என்று கணித்து, கையிலுள்ள சிறு கருவியில் விளக்கு எரியவிடும். சிவப்பு எரிந்தால் ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். அந்தச் சோதனையில் பங்கேற்ற ஒரு பெண், இளம் வயதிலிருந்தே வலிப்புக்குப் பயந்து வாழ்ந்தவர். விளக்கைப் பார்த்து மாத்திரை போட்டுக்கொள்ளப் பழகினார். தைரியமாக வெளியே போகத் தொடங்கினார். அந்தக் கருவி தன்னில் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டதாக உணர்ந்தார். பிறகு நிறுவனத்தில் பணம் தீர்ந்துவிட்டது. கருவியை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது அதை வாங்கிக்கொள்கிறோம் என்று அவரும் கணவரும் மன்றாடினார்கள். பலிக்கவில்லை. 15 பேரில் கடைசியாக அவருக்குத்தான் அறுவை சிகிச்சை செய்து அகற்றினார்கள்.

கருவி அவருக்கு ஆற்றல் தந்ததா? தந்தது. அதை மறைத்துப் பேசினால் நான் நேர்மையில்லாதவள் ஆவேன். ஆனால், பிறர் நினைத்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளக்கூடிய ஆற்றலை வைத்துக்கொண்டு வாழ்பவர் அந்தப் பிறருக்குக் கட்டுப்பட்டுத்தானே வாழ வேண்டும்? அடிமைத்தனம் என்ற சொல்லை இந்தப் பொருளில்தான் நான் கையாளுகிறேன்.

செயற்கை நுண்ணறிவு இதற்குள் எங்கே வருகிறது என்று நடுவர் கேட்டார். வாய்பேச இயலாதவரின் மூளைக் குறிப்புகளைச் சொற்களாக மாற்றுவதே அதுதான். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நிமிடத்துக்கு 62 சொற்கள் என்ற வேகத்தில் இதைச் செய்து காட்டினார்கள். ஒன்றேகால் லட்சம் சொற்கள் கொண்ட அகராதியை வைத்துச் செய்தபோது ஏறத்தாழ நான்கில் ஒரு சொல் தவறாக வந்தது. மறு ஆண்டே டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு, தசை முடங்கும் நோயால் பேச்சிழந்த ஒருவருக்கு 97 சதவீதம் சரியாக வரச் செய்தது. தலைவணங்க வேண்டிய உழைப்பு.

ஆனால் அந்த வாக்கியம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். மூளையிலிருந்து வரும் குறிப்பு தெளிவாக இல்லாத இடத்தில், ‘இந்தச் சொல்லுக்குப் பின் பெரும்பாலும் இந்தச் சொல்தான் வரும்’ என்று, ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகிய ‘மொழி மாதிரி’ என்ற கணினி நிரல் ஊகித்து நிரப்புகிறது. பெரும்பாலோர் என்ன சொல்வார்களோ அதை நோக்கி இவருடைய பேச்சும் சாய்கிறது. கட்டிலில் அசையாமல் கிடப்பவரிடம் ஒரு சிகிச்சைக்குச் சம்மதமா என்று மருத்துவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘வேண்டாம்’ என்று நினைக்கிறார். திரையில் ‘வேண்டும்’ என்று வருகிறது. தடுத்துச் சொல்ல அவருக்கு வேறு வாய் இல்லை. இந்தத் தவற்றுக்குப் பொறுப்பு யார்? மருத்துவரா, மென்பொருள் எழுதியவரா, அதை விற்ற நிறுவனமா? அதற்கு விடை இல்லாதவரை 97 சதவீதத்தைக் கண்டு கைதட்டலாம், நிம்மதியாக இருக்க முடியாது.

விருப்பமுள்ளவர் பொருத்திக்கொள்ளட்டும், மற்றவர் விட்டுவிடட்டும் என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். கைபேசி வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். இன்று அது இல்லாமல் வேலை தேட முடிகிறதா? நோயாளிக்காகச் செய்த கருவி, நலமாக இருப்பவரின் திறனைக் கூட்டும் கருவியாக மாறும் நாளில், போடாதவர் தேர்விலும் வேலையிலும் பின்தள்ளப்படுவார். மூளைச் சில்லு செய்யும் நியூராலிங்க் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஈலான் மஸ்க், மனிதனையும் செயற்கை நுண்ணறிவையும் இணைப்பதே நீண்டகால நோக்கம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அந்த நிறுவனம் 2024 ஜனவரியில் கைகால் செயலிழந்த ஓர் இளைஞருக்குச் சில்லைப் பொருத்தியது. சில வாரங்களில் மூளைக்குள் வைத்த மெல்லிழைகள் பல விலகி வந்துவிட்டன. மென்பொருளை மாற்றி ஈடுகட்டினார்கள். நல்லவேளை. ஆனால் எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதப்படும் நிரலைப் பொறுத்து இங்கே ஒருவரின் திறன் ஏறுகிறது, இறங்குகிறது.

விருப்பம் என்ற சொல்லுக்கே இடமில்லாத நிகழ்வும் உண்டு. அது கருவியைப் பற்றியதல்ல, மரபணுவைப் பற்றியது; ஆனால் கேள்வி ஒன்றுதான். சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், மரபணு திருத்திய கருக்களிலிருந்து இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக 2018 நவம்பரில் அறிவித்தார். அவருக்கு மூன்றாண்டுச் சிறை கிடைத்தது. குழந்தைகளின் உடலில் செய்த மாற்றம் ஆயுள் முழுவதும் இருக்கும்; அவர்களை யார் கேட்டார்கள்?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். சிலி நாடு 2021-இல் மூளைத் தரவைக் காக்க அரசியல் சாசனத்தையே திருத்தியது. 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ‘எமோட்டிவ்’ நிறுவனம் சேமித்து வைத்திருந்த ஒரு முன்னாள் செனட்டரின் மூளைத் தரவை அழிக்க உத்தரவிட்டது. பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் கருவி தலையில் மாட்டும் பட்டை. கழற்றி மேசையில் வைத்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். உள்ளே வைத்து மூடியதை என்ன செய்வது? அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தன் வீட்டுக்கே தீ வைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவரின் பேஸ்மேக்கர் தரவை, அவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தலாம் என்று 2017-இல் ஒரு நீதிபதி அனுமதித்தார். அவர் குற்றவாளியா இல்லையா என்பது வேறு வழக்கு. இதயம் துடிப்பதற்காக வைத்துக்கொண்ட கருவி, அவரைக் கேட்காமலேயே சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டது.

நடுவர் அவர்களே, எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். நிறுவனம் மூடப்பட்டால் நிரலும் வரைபடமும் உதிரிபாகமும் பொருத்திக்கொண்டவருக்கே வந்து சேர வேண்டும், அவர் சம்மதமின்றி யாரும் கருவியை அகற்றக் கூடாது, அதன் தரவு அவருக்கே சொந்தம் என்று சட்டம் எழுதும் முன்பே ஒரு கருவியை மனித மூளையில் வைக்கலாமா? வைக்கலாம் என்றால், வீட்டை அடமானம் வைக்கத் துணிந்த அந்தத் தம்பதியின் பெயரால் விளக்கம் கேட்கிறேன். கூடாது என்றால், அவர் என் அணிக்கு வந்துவிட்டார் என்று தீர்ப்பில் எழுதிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.