கோமதியைத் தேடிய கதை

நேயர்களுக்கு வணக்கம்.

2013-இல், பொறியியல் கடைசி செமஸ்டரில், புராஜெக்ட் செய்வதற்காகச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இன்டர்னாகச் சேர்ந்தேன். இன்றும் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறேன். "இத்தனை வருஷமா ஒரே இடமா?" என்று கேட்காத உறவினர் இல்லை. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒரு பெயரிலிருந்து தொடங்கும்.

எங்கள் நிறுவனம் மருந்துக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தருகிறது. கல்லூரியில் நான் எழுதிய பெரிய புரோகிராம் முந்நூறு வரி இருக்கும். இங்கே லட்சக்கணக்கான வரிகள், எழுதியவர்களில் பாதிப்பேர் வேலையை விட்டே போயிருந்தார்கள். முதல் இரண்டு வாரம் ஒரு வரிகூட எழுதாமல் படித்துக்கொண்டே இருந்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறோமோ என்று கூச்சமாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு புகார் வந்தது. ஒரு கடைக்காரர் 'கோமதி' என்று தேடுகிறார், பெயர் வரவில்லை. வாடிக்கையாளர் பட்டியலில் கண்ணால் தேடினால் அதே கோமதி இருக்கிறார். போனில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "என் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

என் கண்ணுக்கும் ஒன்றுதான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின், ஒவ்வொரு பெயரும் உள்ளே எத்தனை குறியீடுகளாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கோமதியில் ஐந்து, இன்னொரு கோமதியில் ஆறு.

காரணம் இதுதான். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் பொதுவான குறியீடு தரும் முறைதான் யூனிகோடு. அதில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். யூனிகோடின் முதல் பதிப்பு வந்த 1991-லேயே தமிழ் அதில் இருந்தது என்றாலும், வெகுகாலம் நம் ஊரில் ஆளுக்கொரு எழுத்துருக் குறியீடுதான். தமிழக அரசே 2010-இல்தான் யூனிகோடை ஏற்றது. அந்தக் கடையின் பழைய பெயர்கள் அப்படியொரு எழுத்துருவில் தட்டச்சானவை. அதில் கொம்பு தனி, கால் தனி. யூனிகோடுக்கு மாற்றியபோது அவை இரண்டாகவே வந்துவிட்டன.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் தேடல் பகுதியில் பன்னிரண்டு வரி எழுதி ரிவ்யூவுக்கு அனுப்பினேன். டீம் லீட் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "கொடிமலர் வந்தால்? கௌரி வந்தால்?" நான் ஓகாரத்தை மட்டும் பார்த்திருந்தேன். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே சிக்கல் உண்டு. திருத்தி அனுப்பினேன். கோமதி கிடைத்தார், கடைக்காரர் போன் செய்து நன்றி சொன்னார், எனக்கும் வேலை நிரந்தரமானது.

நான்கு ஆண்டுகள் கழித்து, வேறொரு கடையின் மாதாந்திர அறிக்கையில் கடன் பாக்கி தப்பாக வந்தது. ஒரே அம்மாவின் கணக்கு இரண்டு ஆளாகப் பிரிந்து நின்றது. தோண்டிக்கொண்டே போனால், என்னுடைய அதே பன்னிரண்டு வரிகளில் வந்து முட்டியது. தேடும்போது மட்டும் இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கியிருந்தேன். பெயரைச் சேமிக்கும்போதே ஒன்றாக்கியிருக்க வேண்டும். அறிக்கைக்கு என் திருத்தம் போய்ச் சேரவே இல்லை.

அந்த நாளில்தான் நான் டெவலப்பர் ஆனேன் என்று நினைக்கிறேன். நான் எழுதியது நான்கு ஆண்டு கழித்து என்ன செய்யும் என்பதை இருந்து பார்த்தவளுக்குத்தான் அந்தப் பாடம் கிடைக்கும். ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் என்று ஆயிரம் இருக்கிறது. மாறினால்தான் சம்பளம் ஏறுகிறது என்பதும் உண்மை. ஆனால் அப்போது விதைத்தவர் ஒருவர், களை பறிப்பவர் இன்னொருவர் என்றாகிவிடுகிறது.

நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இன்டர்னை எக்செல் நிரப்பவும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் வைத்துவிட்டு ஆறு மாதத்தில் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. அது பிள்ளைகளின் காலத்தைத் திருடுவது. எங்கள் லீட் நினைத்திருந்தால் அந்தக் கோமதி பிரச்சினையைப் பத்து நிமிடத்தில் முடித்திருப்பார். என்னைத் தேட விட்டார். வாடிக்கையாளர் அவசரப்படுத்தியபோது அந்தப் பேச்சைத் தானே வாங்கிக்கொண்டார். அப்போது எனக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது அந்த நாற்காலியில் நான். போன மாதம் எங்கள் புது இன்டர்ன் ஒரு தேதிப் பிழையோடு மூன்று நாள் மல்லுக்கட்டினாள். எங்கே தப்பு என்று எனக்கு முதல் நாளே தெரியும். வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இங்க சரி பண்ணிட்டேன். ஆனா அறிக்கையிலயும் இதே தப்பு வருமோன்னு தோணுது."

எனக்குத் தோன்றவே நான்கு ஆண்டு பிடித்த கேள்வி. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரும்மா, பார்க்கலாம்" என்றேன்.

வணக்கம்.