நூல் அறுந்தா கையைத் திட்டாதீங்க, திரியைப் பாருங்க! | மொட்டைமாடி ராட்டை

வணக்கம் மக்களே. மணி காலையில ஆறே கால். பின்னாடி கேக்குறது பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டார். அது இப்போதைக்கு நிக்காது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

இவ்வளவு காலையில ஏன் உக்காந்திருக்கேன்னா, பஞ்சுக்கு ஈரக் காத்து வேணும். மதுரை வெயில்ல பதினோரு மணிக்கு ராட்டையைத் தொட்டா நூல் பொட்டு பொட்டுன்னு போகும். ஸ்பின்னிங் மில்லுல வேலை பாத்தவங்க வீட்டுல யாராச்சும் இருந்தா கேட்டுப் பாருங்க, உள்ள எப்பவும் புழுக்கமா இருக்கும்னுதான் சொல்வாங்க. காத்துல ஈரம் குறைஞ்சா அங்கேயும் இதே கதைதான்.

போன வீடியோவுக்குக் கீழ நிறைய பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தீங்க. "அண்ணே, ராட்டை வாங்கிட்டேன், நூலே வர மாட்டேங்குது, அறுந்துக்கிட்டே இருக்கு." நானும் மூணு மாசம் அப்படித்தான் இருந்தேன். நம்ம கையே ராசியில்லாத கைன்னு முடிவு பண்ணி, ராட்டையை மூடி பீரோ மேல ஏத்திட்டேன். அந்தக் கதையைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

இது பெட்டி ராட்டை. மூடினா ஒரு பெட்டி மாதிரி ஆயிடும், தூக்கிட்டுப் போகலாம். காந்தி எரவாடா ஜெயில்ல இருந்தப்ப உருவான வடிவம். உள்ள ரெண்டு சக்கரம், பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. நான் பெருசை ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள இந்தக் கதிர், அதான் இந்த ஊசி மாதிரிக் கம்பி, எத்தனையோ சுத்து சுத்திரும். கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன். கதிர் முனையைப் பாருங்க. நூல் இந்த முனையை விட்டு நழுவுது பாத்தீங்களா, ஒவ்வொரு நழுவலுக்கும் ஒரு முறுக்கு ஏறுது. இடது கையில திரி, அதாவது நூக்குறதுக்குன்னு நீளமா உருட்டி வச்ச பஞ்சு. முறுக்கு ஏற ஏறக் கையைப் பின்னால இழுத்துக்கிட்டே போகணும். கை எட்டுற வரைக்கும் வந்தாச்சா, இன்னும் ரெண்டு சுத்து முறுக்கு குடுத்து, லேசா பின்னாடி திருப்பி, நூலைக் கதிருக்குக் குறுக்கா பிடிச்சா போய்ச் சுத்திக்கும். அவ்வளவுதான் வேலை. சொல்றதுக்கு.

(நூல் அறுகிறது)

ம். கேமரா வச்சா மட்டும் கரெக்டா அறும்.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க மாடியில ஏழெட்டு பேர் நூல் நூக்கக் கூடுறோம். பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆன சார் ஒருத்தர், ஒரு நர்ஸ் அக்கா, காலேஜ் பசங்க மூணு பேர். எங்க பெரியப்பாவும் வருவார். அவர் பள்ளிக்கூடத்துல தக்ளியில நூல் நூத்தவர். தக்ளின்னா பம்பரம் மாதிரி, கம்பியும் வட்டத் தகடும். அப்பல்லாம் கைத்தொழில் பீரியட் உண்டாம், நூத்த நூலைச் சிட்டமா, அதாவது ஒரு கட்டாச் சுத்தி, வாத்தியார்கிட்டக் காட்டணுமாம். நூத்தது பாதி, பக்கத்துப் பையன்கிட்ட கடன் வாங்கினது பாதின்னு இப்பவும் பெருமையாச் சொல்வார்.

ஒரு நாள் நர்ஸ் அக்கா அவங்க தெருவுல இருக்குற ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. வயசு எழுபதுக்கு மேல. சர்வோதய சங்கத்துல முப்பது வருஷம் அம்பர் ராட்டை ஓட்டினவங்க. அம்பர் ராட்டை தெரியும்ல, ஒரே நேரத்துல பல கதிர் ஓடும், மில் மெஷினைச் சின்னதா ஆக்கின மாதிரி. அந்த "அம்பர்" எங்க இருந்து வந்துச்சுன்னா, அதைக் கண்டுபிடிச்ச ஏகாம்பரநாதன் பேர்ல இருந்து. நம்ம தமிழ்நாட்டுக்காரர்! வடக்க எல்லாம் அம்பர் சர்க்கான்னு சொல்றாங்க, பாதி பேருக்கு இது தெரியாது.

அந்த அம்மா வந்து உக்காந்தாங்க. நான் நூக்குறதை ஒரு அஞ்சு நிமிஷம் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. அறுந்துச்சு, ஒட்டினேன், அறுந்துச்சு. என் கையில இருந்த திரியை வாங்கி, நுனியை ரெண்டு விரல்ல பிடிச்சு மெதுவா இழுத்தாங்க. கட்டியா ஒரு கொத்து வந்துச்சு. "தம்பி, இது எங்க வாங்குனது?"ன்னாங்க. ஆன்லைன்ல வாங்கினேம்மா, கொரியர்ல வந்துச்சுன்னேன். "பஞ்சை நசுக்கிக் கட்டி அனுப்பியிருக்கான். இதுல நான் நூத்தாலும் அறும்."

மூணு மாசம் மக்களே! மூணு மாசம் என் கையைத் திட்டியிருக்கேன்.

நீங்களும் செஞ்சு பாருங்க. இது என் பழைய திரி. நுனியை இழுக்கிறேன். பாருங்க, வரவே மாட்டேங்குது, வந்தா மொத்தமா வருது. இது இப்ப வச்சிருக்கிற திரி. இழுக்கிறேன். இழை இழையா வழுக்கிட்டு வருது, புகை மாதிரி. முறுக்கு இந்த இழைகளைத்தான் பிடிக்கணும். இழை நகரலன்னா முறுக்கு முன்னாடியே ஏறிப் பூட்டிக்கும், அப்புறம் இழுத்தா அறுக்கத்தான் செய்யும். வாங்கினதும் முதல் வேலையா இதைச் செய்யுங்க, ராட்டையைத் தொடுறதுக்கு முன்னாடி.

அடுத்தது இழை நீளம். நான் இப்ப நூக்குறது கருங்கண்ணி. கரிசல் காட்டுல மானாவாரியா விளையுற நாட்டுப் பருத்தி, கோவில்பட்டிப் பக்கம் போனா பெரியவங்க சொல்வாங்க. இழை குட்டை, ஒரு அங்குலம் வந்தாலே பெருசு. இதே சுவின் பருத்தின்னா ஒன்றரை அங்குலம் இருக்கும். அது கோயம்புத்தூர்ல 1974ல உருவாக்கின ரகம், சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட்டையும் ஒட்டுச் சேத்ததால சு-வின். நீள இழைக்குச் சாவகாசமா இழுக்கலாம், முறுக்கு கொஞ்சம் கம்மியானாலும் தாங்கும். குட்டை இழைக்கு முறுக்கு கூட வேணும், கை அவசரப்படக் கூடாது. யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க ஆட்டு ரோமம் நூக்குறதைப் பாத்துட்டு அதே மாதிரி இதை இழுக்காதீங்க. அது விரல் நீளத்துக்கு இருக்கும், அந்தக் கணக்கு வேற.

சரி, எவ்வளவு நூத்தேன்? ஒரு சிட்டம்னா ஆயிரம் மீட்டர். என் முதல் சிட்டத்தைச் சமையல் தராசுல வச்சேன், 90 கிராம். ஆயிரத்தைத் தொண்ணூறால வகுத்தா பதினோரு நம்பர் நூல். நம்பர் கூடக் கூட நூல் மெலிசுன்னு அர்த்தம். வீட்டுல பாத்துட்டு துணி காயப்போடுற கொடிக்கு ஆகும்னாங்க. இப்ப ஒரு சிட்டம் 40 கிராம் நிக்குது, இருபத்தஞ்சு நம்பர். ஒரு சட்டைத் துணிக்கு ஆறு சிட்டம் வேணும்னு கணக்குப் போட்டேன். எனக்கு மணிக்கு 200 மீட்டர் வந்தாலே பெருசு. அப்ப ஒரு சட்டைக்கு முப்பது மணி நேரம், நூக்குறதுக்கு மட்டும். 1924ல பெல்காம் காங்கிரஸ்ல மெம்பர் சந்தாவைக் காசுக்குப் பதிலா நூலாக் கட்டணும்னு வச்சாங்க, மாசம் 2000 கஜம். தாங்கல, அடுத்த வருஷமே தளர்த்திட்டாங்க. எனக்கு இதைப் படிச்சப்ப ஒரு நிம்மதி.

அந்த அம்மாகிட்ட இந்த முப்பது மணி நேரக் கணக்கைப் பெருமையாச் சொன்னேன். சிரிச்சாங்க. "உனக்கு ஞாயித்துக்கிழமை. எனக்கு அது கூலி"ன்னாங்க. சிட்டத்துக்கு இவ்வளவுன்னுதான் அவங்களுக்குக் காசு. திரி சரியில்லாத வாரம் அறுந்து அறுந்து சிட்டம் குறையும், காசும் குறையும், மூணு மாசம் பொறுமையா இருக்க முடியாது. அதான் என் கையைப் பாக்காம திரியைப் பாத்திருக்காங்க. கைநூற்பு தியானம், மனசு அமைதின்னு நானே ஒரு வீடியோ போட்டிருக்கேன். அதை இன்னும் எடுக்கல, ஆனா பாக்க இப்பக் கூச்சமா இருக்கு.

இன்னொரு மூக்குடைப்பும் சொல்லிர்றேன். ஆறு சிட்டத்தையும் தூக்கிட்டு ஒரு நெசவாளர் அண்ணன்கிட்டப் போனேன். ஒரு சிட்டத்தை ரெண்டு கையிலயும் விரிச்சு வெளிச்சத்துல பிடிச்சார். "தம்பி, பாவுக்கு ஆகாது"ன்னுட்டார். பாவு, அதாவது நீளவாக்குல ஓடுற நூல், தறியில விறைப்பா நிக்கணும், தறியோட விழுதும் அச்சும் அதை உரசும், மெலிஞ்ச இடத்துல எல்லாம் போயிரும். "ஊடைக்கு வேணா ஓட்டித் தர்றேன்." ஆக, சட்டை வரும், அதுல நீளவாக்குல ஓடுறது வேற யாரோ நூத்த நூல். குறுக்கால ஓடுறது மட்டும் நான்.

மோட்டார் நின்னுருச்சு, கவனிச்சீங்களா? நான் முடிக்கப் போறேன், அது நிக்குது.

அந்த நசுங்கின திரி என்னாச்சுன்னு கேப்பீங்க. தூக்கிப் போடலாம்னு பாத்தேன், அந்த அம்மா விடல. கிள்ளி உள்ளங்கையில உருட்டி விளக்குத் திரி ஆக்கிட்டாங்க. எங்க வீட்டுல நாலு மாசமா அதுதான் எரியுது. இன்னும் ரெண்டு பாக்கெட் அப்படியே இருக்கு. கார்த்திகைக்கு யாருக்காச்சும் வேணும்னா ஞாயித்துக்கிழமை மாடிக்கு வாங்க, சும்மாவே தர்றேன்.