காத்தடிக்கிற நாள்ல பாராகிளைடர்: 63-க்கும் 13-க்கும் நடுவுல

[காட்சி: பைலட்டுக்கு முன்னால் இருக்கும் கருவியின் திரை, மிக நெருக்கத்தில். கிரவுண்ட் ஸ்பீட்: 63]

இந்த நம்பரைக் கவனிங்க. 63. இந்த பாராகிளைடர், அதாவது பைலட் கீழ தொங்கிக்கிட்டுப் பறக்கிற எஞ்சின் இல்லாத துணி இறக்கை, தரையைப் பொறுத்து மணிக்கு 63 கிலோமீட்டர் வேகத்துல போய்க்கிட்டு இருக்கு. இப்போ பைலட் அப்படியே வட்டமடிச்சுத் திரும்புறாரு.

[எண் இறங்குகிறது: 50, 31, 13]

13. இறக்கை அதே இறக்கைதான். பிரேக்ல, அதாவது இறக்கையோட பின் ஓரத்தைக் கீழ இழுக்கிற கயிறுல, கை இருக்கிற இடமும் மாறலை. முகத்துல அடிக்கிற காத்துகூட ரெண்டு திசையிலயும் ஒரே மாதிரி, மணிக்கு 38 கிலோமீட்டர். ஆனா தரை மட்டும் முன்னாடி ஓடிக்கிட்டு இருந்தது, இப்போ ஊர்ந்துக்கிட்டு இருக்கு.

அன்னிக்கு மேல அடிச்ச காத்து 25 கிலோமீட்டர். காத்து வாக்குல போனா அது கூடும், எதிர்த்துப் போனா கழியும். கணக்கு அவ்வளவுதான். ஆனா காத்தடிக்கிற நாள்ல தொலைதூரம் பறக்குறவங்க எடுக்கிற ஒவ்வொரு முடிவும் இந்தக் கணக்குலேர்ந்துதான் வருது.

[காட்சி: ஆற்றில் நீந்தும் ஒருவரின் வரைபடம். கீழே ஓட்டத்தைக் காட்டும் அம்புகள்]

ஆத்துல நீந்துற ஒருத்தரை நினைச்சுக்கோங்க. தண்ணியைப் பொறுத்து அவர் வேகம் ஒண்ணுதான். ஆனா கரையில நிக்கிறவங்களுக்கு, ஓட்டத்தோட போகும்போது பறக்கிற மாதிரியும், எதிர்த்து வரும்போது நின்ன இடத்துலயே இருக்கிற மாதிரியும் தெரியும். பாராகிளைடரும் இப்படித்தான். பின்னாடியிருந்து காத்தடிச்சா இறக்கை மடங்கிடுமோன்னு புதுசா கத்துக்கிறவங்க நிறைய பேர் பயப்படுவாங்க. சீரா அடிக்கிற காத்துல அப்படி நடக்காது. இறக்கை காத்துக்குள்ளதான் இருக்கு, காத்தோட சேர்ந்துதான் நகருது.

பெரும்பாலான பாராகிளைடர்களோட இயல்பு வேகம் 36-லேர்ந்து 39 கிலோமீட்டர் வரைதான். காலால ஸ்பீட் பாரை மிதிச்சா 50 பக்கம் போகும். ஆனா அப்போ சீக்கிரம் கீழ இறங்கும், இறக்கையோட முன்பக்கம் மடங்குற வாய்ப்பும் கூடும். அதாவது நம்மகிட்ட இருக்கிற மொத்த வேகமே, ஒரு பலமான காத்துக்கு ஈடு கொடுக்கிற அளவுதான்.

[வரைபடம்: 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து மூன்று சாய்கோடுகள்]

இதைத் தூரமா மாத்திப் பாருங்க. 1 மீட்டர் இறங்குறதுக்குள்ள 9 மீட்டர் முன்னாடி போற ஒரு இறக்கை. காத்தே இல்லாத நாள்ல 1,000 மீட்டர் உயரத்துலேர்ந்து 9 கிலோமீட்டர் போகும். 25 கிலோமீட்டர் காத்து பின்னாடியிருந்து வந்தா கிட்டத்தட்ட 15. எதிர்ல வந்தா வெறும் 3.

எனக்கு இந்தப் படத்துல முக்கியமா தெரியறது அந்தக் குட்டைக் கோடுதான். காத்து வாக்குல 15 கிலோமீட்டர் வந்துட்டு, "ஐயோ, கடைசியா பார்த்த வயல்லயே இறங்கியிருக்கலாமே"ன்னு நினைச்சா, அந்த வயல் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கும். தாண்டி வந்த எதுவும் திரும்பக் கிடைக்காது. அதனால கண்ணு எப்பவும் முன்னாடி 5, 6 கிலோமீட்டர் தள்ளியே இருக்கணும்: அங்க இறங்க இடம் இருக்கா, மின்கம்பி போகுதா, அந்த மேட்டுக்குப் பின்னாடி என்ன இருக்கு?

பெரிய தூரங்களைக் கொடுக்கிறதும் இதே காத்துதான். பிரேசிலோட வடகிழக்குல, வறண்ட சமவெளிக்கு மேல, 2016-ல 564 கிலோமீட்டர் பறந்தாங்க. 2019-ல 582. அங்க பகல் வெளிச்சமே சுமார் 12 மணி நேரம்தான். வட்டமடிச்சு உயரம் ஏறின நேரத்தையும் சேர்த்தே சராசரி 48 கிலோமீட்டருக்கு மேல வருது. சும்மா விட்டா 40-ஐ ஒட்டிப் போற ஒரு துணி இறக்கைக்கு அந்த வேகம் எங்கேர்ந்து வந்திருக்கும்னு இப்போ உங்களுக்கே தெரியும்.

[காட்சி: கிளம்பும் சரிவு. புல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது]

கிளம்புற இடத்துல 18 கிலோமீட்டர் காத்து. சீரா 18 அடிச்சா சுகமா கிளம்பலாம். 8-க்கு இறங்கி 28-க்கு ஏறுற காத்துக்கும் சராசரி 18-தான், ஆனா அன்னிக்கு இறக்கையைப் பையை விட்டே எடுக்கக் கூடாது. காத்தோட விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 18-லேர்ந்து 28 ஆனா, இழுப்பு கிட்டத்தட்ட 2.4 மடங்கு.

கிளம்பினதும் மலைக்கு முன்னாடி தள்ளியே ஏறணும். உச்சிக்கு மேல காத்து நெருக்கிப் பிடிச்சுப் போறதால அங்க வேகம் கூடும். உச்சிக்கு நேர் மேல சுத்திக்கிட்டு இருந்தா, நமக்கே தெரியாம பின்பக்கம் தள்ளிடும்.

[காட்சி: புகைபோக்கியிலிருந்து சாய்ந்து எழும் புகை. அதன்மேல் தெர்மலின் வரைபடம்]

அடுத்தது தெர்மல், அதாவது தரையில சூடாகி மேல எழும்புற காத்து. காத்தடிக்கிற நாள்ல இது இந்தப் புகை மாதிரி சாஞ்சுதான் ஏறும். நொடிக்கு 2 மீட்டர் ஏறினா, 1,000 மீட்டர் ஏற எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள 25 கிலோமீட்டர் காத்து நம்மளை மூணரை கிலோமீட்டர் தள்ளிக்கிட்டுப் போயிருக்கும். சும்மா வட்டம்தான் அடிச்சோம், ஆனா ஊரே மாறியிருக்கும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, எனக்குப் புரிய ரொம்ப நாளாச்சு. தெர்மலுக்குள்ள காத்து நொடிக்கு 3 மீட்டர் ஏறுதுன்னு வைங்க. இறக்கை அதுக்குள்ளேயும் நொடிக்கு 1 மீட்டர் இறங்கிக்கிட்டுத்தான் இருக்கு. அதனால நாம ஏறுறது 2 மீட்டர்தான். தெர்மலைவிட மெதுவா ஏறுறோம், அதனால ஒவ்வொரு மீட்டருக்கும் அதைவிட அதிகமா தள்ளப்படுறோம். அதே வட்டத்தை அடிச்சுக்கிட்டே இருந்தா, கொஞ்சம் கொஞ்சமா பின்பக்கமா நழுவி வெளிய வந்துடுவோம். ஏறுறோமா இறங்குறோமான்னு சத்தத்தால சொல்ற கருவி வேரியோ. அதோட "பீப்" சத்தம் நின்னு, இறக்கத்தைச் சொல்ற முனகல் கேட்டா, தேட வேண்டிய திசை பெரும்பாலும் ஒண்ணுதான்: காத்து வர்ற பக்கம். ஒவ்வொரு சுத்துலயும் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டிக்கிட்டா, நழுவுறதே குறையும்.

[வரைபடம்: மலையின் குறுக்குவெட்டு. பின்புறம் சுழலும் அம்புகள்]

இப்போ இந்த வீடியோல நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கிற இடம். ஆத்துல பாறைக்குப் பின்னாடி சுழி இருக்கும்ல? மலைக்குப் பின்னாடியும் இருக்கு. ரோட்டர்னு சொல்வோம். ஆத்துச் சுழி கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

பறக்க ஆரம்பிச்ச காலத்துல, ஒரு தாழ்வான குன்றுக்கு முன்னாடி எனக்கு ஒரு சோம்பேறித் தெர்மல் கிடைச்சது. நொடிக்கு அரை மீட்டர்தான். விட மனசில்லாம சுத்திக்கிட்டே இருந்தேன், கண்ணு முழுக்க வேரியோ மேல. நிமிர்ந்து பார்த்தப்போ குன்று எனக்குப் பின்னாடி, காத்து வர்ற பக்கத்துல இருந்தது. முதல்ல வலது கை பிரேக்ல இருந்த இறுக்கம் காணாமப் போச்சு. கையில வெறும் கயிறு. அடுத்த நொடி, ஈரத்துணியை உதறின மாதிரி ஒரு சத்தம், வலது பாதி மடங்கித் தொங்குது. உடம்பை இடது பக்கம் சாய்ச்சு, இடது பிரேக்கை அளவாப் பிடிச்சு, திசை மாறாம வச்சிருந்தேன். திறந்துக்கிச்சு. நல்லா இறங்கினேன். ஆனா அந்த வெறும் கயிறு கையில கனமில்லாம கிடந்தது இன்னும் மறக்கலை.

அரை மீட்டர் ஏற்றத்துக்காகக் குன்றைத் தாண்டித் தள்ளப்படுறது எப்பவுமே நஷ்டம். போதுமான உயரம் இல்லன்னா, முன்னாடியே விட்டுட்டு வந்து இறங்கிடுங்க.

[காட்சி: பரந்த வயல். ஓரத்தில் மரவரிசை. பாராகிளைடர் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது]

இறங்குறதுக்குப் பெரிய வயலா எடுங்க. காத்து வர்ற பக்கத்துல மரமோ கட்டடமோ ஒட்டி இருக்கக் கூடாது, அதுக்குப் பின்னாடியும் குட்டிச் சுழிகள் இருக்கும். புகை, புழுதி, குளத்துத் தண்ணியோட சிலிர்ப்பு, இதெல்லாம் தரைக்காத்தைக் காட்டிக் கொடுக்கும். வயலோட காத்து வர்ற ஓரத்துக்கு மேல உயரமா வந்து நின்னு, காத்தைப் பார்த்தே இறங்குங்க. தரைக்குப் பக்கத்துல காத்து வாக்குல திரும்பிடவே திரும்பிடாதீங்க. அந்த 63 அங்க வந்தா தாங்க முடியாது.

கடைசி 15, 20 மீட்டர்ல தரை உரசலால காத்து குறையும். எதிர்க்காத்து திடீர்னு குறைஞ்சா இறக்கை ஒரு கணம் வேகம் இழந்து அமிழும். அதனால அதுக்கு முன்னாடி பிரேக்கை அழுத்தி வச்சிருக்காம, வேகத்தைக் கையில வச்சுக்கோங்க.

கால் பட்டதும் வேலை முடியலை. உடனே இறக்கையைப் பார்த்துத் திரும்பி, பின் ரைசரை, அதாவது இறக்கையோட பின்பக்கக் கயிறுகள் வந்து சேருற பட்டையை இழுத்து, அதை நோக்கி ஓடுங்க. நின்ன இடத்துல நின்னு பிரேக்கை மட்டும் இழுத்தா, காத்து இறக்கையை நிரப்பி உங்களை இழுத்துக்கிட்டுப் போயிடும்.

[காட்சி: இறக்கையை அள்ளிச் சுருட்டும் கைகள்]

இறக்கை அடங்கினதும் அப்படியே அள்ளிச் சுருட்டிடுங்க. கீழ விரிஞ்சு கிடக்கிற இறக்கையைப் பார்த்தா, மேல பறக்கிறவங்க நீங்க உதவி கேக்கிறதா எடுத்துக்குவாங்க. சுருட்டிட்டு ரேடியோவை எடுங்க: "இறங்கிட்டேன், நல்லா இருக்கேன்." அவங்க அடுத்த தெர்மலைத் தேடிப் போகட்டும்.